கையில் போன் இருக்கு, பிரஷர் எங்கே இருக்கு?

(தோட்டச் சுகாதார தினக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு எமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, பிரஷர் வருத்தத்தைக் கவனித்துக்கொள்ள போனில் வரும் 'ஆப்' என்னும் செயலியை நமது சனங்கள் பாவிப்பார்களா, மாட்டார்களா என்பதாகும். போன வாரம் மேல் டிவிசன் லயத்தில் இந்தத் தலைப்பைச் சொன்னதும் ஒரு பாட்டி கேட்டார், "ஆப்பா? இந்த வயசுல எனக்கு யாரு சாமி ஆப்பு வைக்கிறது?" என்று. எல்லோரும் சிரித்தோம். ஆனால் பாட்டி கேட்டது சரியான கேள்வி. சில ஆப் உண்மையாகவே ஆப்பு வைத்துவிடும். நமது தோட்டத்திலேயே அது நடந்தது. அதில் எமக்கும் பங்கு உண்டு. அதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கின்றோம்.

சத்தம் போடாத வருத்தம்

முதலில் பிரஷர் என்றால் என்ன என்று பார்ப்போம். நமது இருதயம் ஒரு பம்ப். அது இரத்தத்தைக் குழாய்களுக்குள் தள்ளுகிறது. தள்ளும்போது குழாய்ச் சுவரில் படும் அழுத்தம்தான் மேல் இலக்கம். இருதயம் ஓய்வெடுக்கும்போது இருக்கும் அழுத்தம் கீழ் இலக்கம். வேறு வேறு நாட்களில் அமைதியாக உட்கார வைத்துப் பார்த்தும் 140-க்கு மேல், அல்லது கீழ் இலக்கம் 90-க்கு மேல் காட்டினால் அதை உயர் குருதி அமுக்கம் என்கிறார்கள்.

நமது சனங்களிடம் ஒரு பிழையான எண்ணம் இருக்கிறது. "தலை சுத்தினாத்தான் பிரஷர், தலை வலிச்சாத்தான் பிரஷர்" என்பது. அப்படி இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இந்த வருத்தம் ஒன்றுமே காட்டாது. மலை ஏறலாம், கொழுந்து எடுக்கலாம், நிறையும் குறையாது. ஆனால் உள்ளே குழாய் கெட்டுக்கொண்டே வரும். வருடக் கணக்கில் அப்படியே விட்டால் ஒரு நாள் பாரிசவாதம், இல்லாவிட்டால் மாரடைப்பு, இல்லாவிட்டால் சிறுநீரகம் பழுது. உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கின்படி, 30 முதல் 79 வயது வரை உள்ளவர்களில் உலகத்தில் 128 கோடிப் பேருக்கு உயர் குருதி அமுக்கம் இருந்தது. அதில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. ஐந்தில் ஒருவருக்குத்தான் அது கட்டுப்பாட்டில் இருந்தது.

ஆகவே இது நோவை வைத்துத் தெரிந்துகொள்ளும் வருத்தம் இல்லை. இலக்கத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இலக்கம் என்று வந்தவுடன் இந்தக் காலத்தில் போனும் வந்துவிடுகிறது.

லயத்தில் நாம் கேட்டவை

இந்தப் பேச்சுக்காக நாம் மூன்று டிவிசனிலும் லயம் லயமாகப் போய், கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டோம். "பிரஷருக்குக் குளிசை போடுற நேரத்தை ஞாபகப்படுத்துற, இலக்கத்தை எழுதி வைக்கிற ஒரு ஆப் போன்ல இருந்தா பாவிப்பீங்களா?" என்று. கிடைத்த பதில்களை அப்படியே சொல்கின்றோம்.

ஒரு அம்மா சொன்னார், "போன் என்னுது இல்லீங்க ஐயா, மவனுது. அவன் வேலைக்குப் போனா போனும் போயிரும்." இன்னொரு அக்கா, "எல்லாம் இங்கிலீசுல வருது. எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும்" என்றார். கீழ் லயத்தில் ஒரு ஐயா, "இங்க டவர் கெடைக்காது. கோயிலடிக்கு ஏறிப் போனாத்தான் ரெண்டு கோடு வரும். பிரஷர் பாக்க மலை ஏறினா பிரஷர் கூடாதா?" என்று திருப்பிக் கேட்டார். எமக்குப் பதில் இல்லை. டேட்டா போடுகிற காசுக்கு மா வாங்கலாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

ஒரு தாய் எம்மைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார், "ஐயா, நான் பிரஷர்காரின்னு போன்ல பதிஞ்சா அது ஆபிசுக்குத் தெரிஞ்சிருமா? இவளால முடியாதுன்னு வேலைய நிப்பாட்டிருவாங்களா? எனக்கு இன்னும் ரெண்டு புள்ளைங்க படிக்குது." இதுதான் எமது மனதில் ஆகவும் தைத்த பதில். அந்தத் தாய் கிளினிக் கொப்பியையே அரிசி வாளிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார்.

வேண்டும் என்று சொன்னவர்களும் நிறையப் பேர். அவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "டொக்டர் ஐயா சொன்னாப் போடுறேன்." "மருந்து குடுக்கிற மிஸ் காட்டித் தந்தாப் பாவிப்பேன்." வெறும் ஆப்பை அவர்கள் நம்பவில்லை. தங்களுக்குத் தெரிந்த மனிதர் சொன்னால் நம்புவதாகச் சொல்கிறார்கள்.

கொழுந்து எடுக்கும் ஒரு அக்காவின் பதிலையும் சொல்லியாக வேண்டும். அவருடைய மகள் குவைத்தில் வேலை செய்கிறாள். தினமும் விடியக் காலை மகளின் குரல் போனில் வரும். "அம்மா, குளிசை போட்டியா?" இவர் போட்டுவிட்டு, "போட்டேன் மவளே" என்று குரல் பதிந்து அனுப்புவார். அதன் பிறகுதான் பெரட்டுக்களத்துக்குப் போவார். "எனக்கு இதுக்கு மேல என்ன ஆப் ஐயா?" என்று கேட்டார். உண்மைதான்.

வேண்டாம் என்று சொன்ன யாரையும் நாம் அறிவில்லாதவர் என்று நினைக்கவில்லை. போன் சொந்தமில்லை, பாஷை புரியவில்லை, டவர் இல்லை, வேலை போய்விடும் என்ற பயம். ஒவ்வொன்றும் நியாயமான காரணம். இவற்றுக்குப் பதில் சொல்லாமல் "நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் சரிவராது" என்று படித்தவர்கள் சொல்வது சரியில்லை.

எமது பிழை

இப்போது நடந்ததைச் சொல்கின்றோம். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்டோம். "கதையச் சொல்லுங்க, பேரச் சொல்லாதீங்க" என்றார்.

ஸ்டோரில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பத்து வருடமாகப் பிரஷர் குளிசை போடுகிறவர். போன வருடம் சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பில் கடையில் வேலை செய்யும் பேரன் வந்து தாத்தாவுக்கு ஒரு டச் போன் கொடுத்தான். அதில் ஒரு ஆப்பும் போட்டுக் கொடுத்தான். போனின் பின்பக்கக் கமராவில் விரலை வைத்தால் போதும், அரை நிமிடத்தில் பிரஷர் காட்டும். பெரியவருக்குப் பெரிய சந்தோசம். எம்மிடம் கொண்டுவந்து காட்டினார். 118-க்கு 76 என்று பச்சை நிறத்தில் காட்டியது. நாமும், "நல்லது ஐயா, காலத்துக்கு ஏத்த மாதிரி மாறிட்டீங்க" என்று தோளில் தட்டி அனுப்பினோம்.

ஒரு நிமிடம் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போய்க் கைப்பட்டி மெஷினில் சரிபார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அதுதான் எமது பிழை.

தினமும் பச்சை காட்டியது. பெரியவர், "பிரஷர் சுகமாயிருச்சு" என்று குளிசையை நிறுத்தினார். கிளினிக் போவதையும் நிறுத்தினார். ஒரு நாள் பஸ் காசும் மிச்சம் என்று நினைத்தார். ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை பீலியடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றவருக்கு வாய் ஒரு பக்கம் கோணியது, வாளி கையிலிருந்து விழுந்தது. பக்கத்து லயத்துப் பொடியன்கள் 1990-க்கு அடித்து, பெரியவரைக் கதிரையில் உட்கார வைத்து மெயின் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர் தப்பினார். வலது கை இன்னும் முழுதாக எழும்பவில்லை.

பிறகு நாம் அந்த ஆப்பைத் திறந்து பார்த்தோம். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில், இங்கிலீசில், "இது பொழுதுபோக்குக்கு மட்டும்" என்ற கருத்தில் ஒரு வரி இருந்தது. தாத்தாவும் வாசிக்கவில்லை, பேரனும் வாசிக்கவில்லை, நாமும் வாசிக்கவில்லை.

விரலை வைத்து ஏன் பிரஷர் பார்க்க முடியாது? கமரா விரலுக்குள் இரத்தத்தின் நிறம் மாறுவதைப் பார்க்கும். அதை வைத்து நாடி நிமிடத்துக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்று எண்ணலாம். அது ஓரளவு சரியாக இருக்கும். ஆனால் துடிப்பு வேறு, அழுத்தம் வேறு. பீலியில் தண்ணீர் சொட்டுவதை எண்ணலாம், அதை வைத்து மேலே குழாய்க்குள் எவ்வளவு அழுத்தம் என்று சொல்ல முடியுமா? பிரஷரை அளக்க மேற்கையில் பட்டியைச் சுற்றி, காற்றடித்து, இறுக்கிப் பார்க்க வேண்டும்.

இது நமது தோட்டத்தில் மட்டும் நடந்ததும் அல்ல. அமெரிக்காவில் நெஞ்சிலும் விரலிலும் போனை வைத்துப் பிரஷர் பார்ப்பதாகச் சொல்லிக் காசுக்கு விற்ற ஒரு ஆப்பை, ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக டொக்டர்கள் சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். உண்மையிலேயே பிரஷர் கூடி இருந்தவர்களில் ஐந்தில் ஏறக்குறைய நாலு பேருக்கு அது "கூடவில்லை" என்று காட்டியிருந்தது. படித்தவர்கள் நிறைந்த நாட்டிலேயே இலட்சம் பேருக்கு மேல் அதை வாங்கியிருந்தார்கள். ஆகவே நமது பெரியவர் ஏமாந்ததற்கு அவர் வெட்கப்படத் தேவையில்லை.

அப்படியென்றால் ஆப் எல்லாம் பொய்யா?

இல்லை. அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பிரஷரை அளக்கிறேன் என்று சொல்லும் ஆப் ஒரு வகை. அதைத் தொடவே வேண்டாம். அளந்த இலக்கத்தை எழுதி வைக்கவும், குளிசை நேரத்தை ஞாபகப்படுத்தவும், டொக்டருக்குக் காட்டவும் உதவும் ஆப் இன்னொரு வகை. அதில் பிரயோசனம் உண்டு. ஆனால் அந்தப் பிரயோசனம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் 400-க்கும் மேற்பட்ட பிரஷர் நோயாளரை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்து 2018-இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குக் குளிசையை ஞாபகப்படுத்தும் ஆப், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு பார்த்தால், ஆப் வைத்திருந்தவர்கள் குளிசையைக் கொஞ்சம் ஒழுங்காகப் போடுவதாகச் சொன்னார்கள். ஆனால் பிரஷரில் இரண்டு பகுதிக்கும் வித்தியாசம் இல்லை.

அதே 2018-இல் இங்கிலாந்திலிருந்து இன்னொரு ஆராய்ச்சி வந்தது. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளர். சிலர் வீட்டில் தாங்களே கைப்பட்டி மெஷினில் பிரஷர் பார்த்து எழுதிக் கொடுத்தார்கள். சிலர் அதை எஸ்.எம்.எஸ். மூலம் அனுப்பினார்கள். டொக்டர் அந்த இலக்கங்களைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டிக் குறைத்தார். ஒரு வருடத்தில் இந்த இரண்டு கூட்டத்துக்கும் மற்றவர்களை விடப் பிரஷர் குறைந்திருந்தது. கடதாசியில் எழுதினாலும் சரி, போனில் அனுப்பினாலும் சரி, இலக்கம் டொக்டர் கண்ணில் பட்டு மருந்து மாறியதுதான் காரணம்.

நமது நாடும் சேர்ந்த ஒரு ஆராய்ச்சியும் உண்டு. பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் கிராமங்களில் 2,645 பேரை எடுத்துச் செய்தது. 2020-இல் வெளிவந்தது. சுகாதாரப் பணியாளர்கள் மாதக் கணக்கில் வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்த்து, புத்தி சொல்லி, கூடியவர்களை டொக்டரிடம் அனுப்பினார்கள். இரண்டு வருட முடிவில், அப்படி ஆள் வந்து பார்த்த கிராமங்களில் மேல் இலக்கம் மற்றக் கிராமங்களை விட 5 அளவு கூடுதலாக இறங்கியிருந்தது. ஒருவருக்கு 5 என்றால் கொஞ்சம்தான். ஒரு ஊருக்கே 5 இறங்கினால் பல பேருடைய வாய் கோணாமல் தப்பும்.

இதிலிருந்து நாம் விளங்கிக்கொண்டது இதுதான். போன் ஒரு கூடை மாதிரி. கூடை கொழுந்து எடுக்காது. எடுத்த கொழுந்தைச் சிந்தாமல் கொண்டு போய்ச் சேர்க்கும். அளக்கிற மெஷின் சரியாக இருந்து, அளக்கிற முறையும் சரியாக இருந்து, மறுபக்கம் பார்க்க ஒரு டொக்டரும் இருந்தால் போன் உதவும். இல்லாவிட்டால் அது வெறும் கூடைதான்.

எப்படிப் பார்ப்பது?

மலையிலிருந்து மூச்சு வாங்க ஓடிவந்து உடனே கையை நீட்டக் கூடாது. ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரம் தேத்தண்ணி, சுருட்டு, வெத்திலை புகையிலை ஒன்றும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வரவேண்டும். முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் நிலத்தில் வைத்து உட்கார வேண்டும். கால் மேல் கால் கூடாது. சுவெட்டரைக் கழற்றி, வெறும் மேற்கையில் பட்டியைக் கட்டி, கையை நெஞ்சு மட்டத்தில் மேசையில் வைக்க வேண்டும். பேசக் கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது தடவையும் பார்த்து இரண்டையும் எழுத வேண்டும். வீட்டில் பார்க்கும்போது 135-க்கு 85 என்பதே எல்லை. அதற்கு மேல் அடிக்கடி வந்தால் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மெஷின் வாங்க வசதி உள்ள பிள்ளைகள் மேற்கையில் கட்டும் மெஷினை வாங்குங்கள். முதல் நாளே டிஸ்பென்சரி மெஷினோடு ஒத்துப் பாருங்கள். ஒரு லயத்துக்கு ஒரு மெஷினைக் கூட்டாக வாங்கினாலும் போதும்.

போனை எப்படிப் பாவிப்பது?

முதலாவது, பட்டன் போனிலும் அலாரம் உண்டு. காலை ஐந்தரைக்கு வைத்துவிட்டால் குளிசை ஞாபகம் வரும். டேட்டா வேண்டாம், டவர் வேண்டாம், இங்கிலீசு வேண்டாம். காலை ரொட்டியோடு குளிசை என்று பழகினால் இன்னும் நல்லது.

இரண்டாவது, டச் போன் இருந்தால் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தையும் குளிசை அட்டையையும் படம் எடுத்து வையுங்கள். மழையில் கொப்பி நனைந்தாலும், திடீரென்று வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தாலும் அந்தப் படம் கைகொடுக்கும். 2020-இல் கொரோனா ஊரடங்கு நேரத்தில் கிளினிக் மருந்தைத் தபாலில் அனுப்பியபோது, கொப்பி விபரமும் போன் இலக்கமும் சரியாக இருந்தவர்களுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

மூன்றாவது, ஆப் போடுவதென்றால் டொக்டரிடமோ மருத்துவ உதவியாளர் ஐயாவிடமோ காட்டிவிட்டுப் போடுங்கள். தமிழ் இருக்கிறதா, டவர் இல்லாமலும் வேலை செய்யுமா என்று பாருங்கள். அடையாள அட்டை இலக்கத்தையும் போனில் உள்ள எல்லோருடைய பெயரையும் கேட்கும் ஆப் நமக்கு வேண்டாம். பிரஷரைப் பார்க்க அதற்கு ஏன் அவையெல்லாம்?

நான்காவது, ஆப் என்ன சொன்னாலும் டொக்டரைக் கேட்காமல் குளிசையை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. குளிசை போடுவதால்தான் இலக்கம் இறங்கியிருக்கிறது. 2022-இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது நம்மில் சிலர் ஒரு குளிசையை உடைத்து இரண்டு நாளைக்குப் போட்டார்கள். அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தப் பழக்கத்தை இன்றும் தொடர்வது ஆபத்து. முதுகு நோவுக்குக் கடையில் வாங்கிப் போடும் சில நோவுக் குளிசைகளும் பிரஷரைக் கூட்டும். அதையும் மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பிணித் தாய்மார் போனை நம்பி இருக்காமல் குடும்ப நல உத்தியோகத்தரிடமே பிரஷரைப் பார்க்க வேண்டும். சில பிரஷர் குளிசைகள் கர்ப்ப காலத்தில் கூடாது.

சாப்பாட்டைப் பற்றிப் பல தடவை பேசியாயிற்று. ஒரு வரி மட்டும். ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராம் உப்பு, அதாவது ஒரு சின்னத் தேக்கரண்டி மட்டம்தான் அளவு. ரொட்டி மாவில் போடுவது, கட்ட சம்பலில் போடுவது, கருவாட்டில் உள்ளது, பாக்கெட் நூடில்ஸில் உள்ளது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

இனி எமது பக்கத்துக் கடமை. ஆப் பாவிக்க மனம் வருமா என்று உங்களைக் கேட்பதற்கு முன், மனம் வருவதற்கு நாம் என்ன செய்தோம் என்று எம்மையே கேட்க வேண்டும்.

அரிசி வாளிக்கு அடியில் கொப்பியை ஒளித்த தாய்க்கு இந்தச் சபையில் பதில் சொல்கின்றோம். உங்கள் பிரஷர் இலக்கம் உங்களுக்கும் வைத்தியம் பார்ப்பவருக்கும் இடையில் உள்ளது. எமது கைக்கு வரும் எந்த இலக்கமும் ஆபிசுக்குப் போகாது. 2022-ஆம் ஆண்டு 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் ஒருவருடைய சுகநல விபரத்துக்கு விசேட இடம் கொடுத்திருக்கிறார்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். எமது வாக்கு இது. பிரஷர் உள்ள ஒருவர் மருந்து போட்டுக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தால் மற்றவர்களைப் போல வேலை செய்யலாம் என்பதையும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடுகிறது. இதுதான் பலர் கிளினிக்கை விடுவதற்கு உண்மையான காரணம். அரைப்பேராவது கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கின்றோம். தலைவர்மாரும் இதைப் பேச வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு டிவிசனிலும் பிள்ளைக் காம்பராவில் ஒரு கைப்பட்டி மெஷின் வைக்கவும் கேட்டிருக்கின்றோம். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் தாய் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்து, தன் கொப்பியில் எழுதிக்கொண்டு போகலாம். கொப்பி அவரிடமே இருக்கும். அது வரும் வரை டிஸ்பென்சரியில் பார்க்கலாம். 35 வயதுக்கு மேற்பட்டவர்கள், ஒரு தடவையும் பார்க்காதவர்கள், இன்று இந்த மண்டபத்தை விட்டுப் போவதற்கு முன் கையை நீட்டிவிட்டுப் போங்கள்.

வாலிபத் தம்பி தங்கைமாரே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கையில்தான் போன் இருக்கிறது. அம்மா அப்பாவுக்கு ஆப் போட்டுக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று போகாதீர்கள். சின்ன எழுத்தை வாசியுங்கள். வாரத்தில் ஒரு நாள் அவர்களுடைய இலக்கத்தைக் கேளுங்கள். கொழும்பிலிருந்து, வெளிநாட்டிலிருந்து என்றாலும் கேளுங்கள்.

இதையும் எல்லோரும் மனதில் வையுங்கள். முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் போனால், பேச்சு குழறினால், அல்லது கடும் நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல் வந்தால் எந்த ஆப்பையும் திறக்க வேண்டாம். நாட்டு மருந்து தேட வேண்டாம். உடனே 1990-க்கு அடியுங்கள். இலவசம். பாரிசவாதத்துக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி ஏறக்குறைய நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். நமது பாதைகளை நினைத்துப் பாருங்கள். வீணாக்க ஒரு நிமிடமும் இல்லை.

கடைசியாக, நாம் சொன்ன அந்தப் பெரியவர். இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். பேரன் அழுது தீர்த்துவிட்டு ஒரு கைப்பட்டி மெஷின் வாங்கி அனுப்பினான். காலையில் பாட்டி அவருடைய இடது கையில் பட்டியைக் கட்டுகிறார். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. பக்கத்துக் காம்பராவில் சாதாரண தரம் படிக்கும் பிள்ளை இலக்கத்தைக் கொப்பியில் எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புகிறாள். பேரன் பார்த்து, கூடியிருந்தால் "தாத்தா, டொக்டர்கிட்ட காட்டுங்க" என்கிறான். போன மாதக் கிளினிக்கில் டொக்டர் கொப்பியைப் புரட்டிப் பார்த்து மருந்தை மாற்றினார். இப்போது மேல் இலக்கம் 140-க்குக் கீழே நிற்கிறது.

அவரிடம் போன வாரம் கேட்டோம், "ஐயா, இன்னும் போனைப் பாவிப்பீங்களா?" என்று. "பாவிப்பேன் ஐயா. ஆனா இனிமே போன் சொல்றத நான் கேக்க மாட்டேன். நான் சொல்றத போன் கொண்டு போகட்டும்" என்றார்.

நாம் இவ்வளவு நேரம் பேசியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். மெஷின் அதோ மேசையில் இருக்கிறது. தேத்தண்ணி குடிப்பதற்கு முன் வரிசையில் வாருங்கள். முதலாவதாக எமது கையை நீட்டுகின்றோம்.